அச்சம் காத்த காடு: அறிவு காக்குமா?

ஊருக்குப் பெயர் தந்தது மரம். ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, காடாகச் சூழ்ந்து நின்று அந்தப் பெயரைத் தந்த மரத்தைத்தான் காணோம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். பாட்டிலே தில்லை, பதிகத்திலே தில்லை, கடைப் பலகையிலே தில்லை, பிள்ளைக்கு இடும் பெயரிலே தில்லை! தில்லை மரம் காடாக நிற்பதைக் காண விரும்புவோர் ஊரை விட்டுக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து, பிச்சாவரத்து உப்பங்கழியின் சேற்றுக் கரையிலே தேட வேண்டும். கடலூரிலே திருப்பாதிரிப்புலியூர்; பெயரிலே பாதிரி மரம் பூத்துக் குலுங்குகிறது, தெருவிலே அல்ல. இந்தப் பகுதி முழுவதும் அண்மைக் காலம் வரை தென்னார்க்காடு எனப்பட்டது. ஆர் என்பது ஆத்தி, ஆர்க்காடு என்பது ஆத்திக் காடு என்பர். மரங்களின் பெயரைச் சூடிக்கொண்டு வாழ்கிறோம். அந்த மரங்களை வாழ விட்டோமா?

இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது எளிது. பெருமூச்சினால் ஒரு விதையும் முளைப்பதில்லை. ஆகவே நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. வெட்டுண்ட நிலத்திலே தானாகத் தழைத்து எழும் இளங்காட்டினுள், அங்கிருந்து மறைந்துபோன மரங்களைத் தேடிக் கொண்டுவந்து மீண்டும் நட்டு வாழ வைப்பது நமக்குக் கடமையா? அல்லது வசதி படைத்தோர் ஓய்வு நேரத்தில் காட்டும் கருணையா? கடமை என்றால், யாருக்குப் பட்ட கடன் அது? மரத்துக்கா, மனிதனுக்கா? பலன் தரும் மரத்துக்கு மட்டுமா, பாலைக் கண்ணில் பீச்சிப் பார்வையை மங்க வைக்கும் தில்லைக்கும் சேர்த்தா?

இவை பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. காடும் மரமும் நிற்கும் பரப்பை ஏறத்தாழ 23 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது என்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறது. நல்லது. ஆனால் எந்த மரம்? எவர் நிலத்தில்? எவர் உழைப்பில்? எவர் நலத்துக்கு? எண்ணிக்கைக்கு முன் எண்ணம் தெளிவாக வேண்டாமா?

*

முதலில், இழந்தது எது என்று அறிவோம். சோழமண்டலக் கடற்கரைக்கென்று ஒரு தனிக் காடு உண்டு. வனவியலார் அதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். பெயரிலேயே ஒரு முரண்: உலர்ந்த நிலம்; ஆனால் பசுமை மாறாத காடு! ஆண்டிலே பல மாதம் வானம் பொய்த்துக் கிடக்க, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பி, தடித்த சிற்றிலைகளை உதிர்க்காமல் வைத்துக்கொண்டு, நெருங்கி நின்று வாழும் காடு அது. உலக்கைப்பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல், மகிழம் என அதன் மக்கள் பலர். வானளாவ வளர்வதில்லை, வறட்சிக்கு அஞ்சுவதுமில்லை.

அந்தக் காடு இன்று துண்டு துண்டாய், திட்டுத் திட்டாய்க் கிடக்கிறது. ஏர் பட்ட நிலம் போக, விறகுக்கு வெட்டுண்டது போக, எஞ்சியவற்றுள் மிகப் பல கிராமத்துக் கோயிற்காடுகள். கடலூர் மாவட்டத்துக் குழந்தைக்குப்பத்திலும் திருமாணிக்குழியிலும் அத்தகைய காடுகள் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் அங்குள்ள மரஞ்செடிகொடிகளைக் கணக்கெடுத்து 1997-இல் உலகுக்கு அறிவித்தனர். பரப்போ சிறிது, இனங்களோ பல. சுற்றிலும் வயலும் தோப்பும் வீடும் வந்துவிட்ட பிறகு, நடுவே நிற்கும் இந்தத் திட்டுகள்தாம் பழைய காட்டின் கடைசி விதைக்களஞ்சியம்.

அவற்றைக் காத்தது யார்? அரசா? அறிஞரா? இல்லை, அச்சம்! உள்ளே ஐயனார் இருக்கிறார், காளி இருக்கிறாள், கிளையை ஒடித்தால் கை முடங்கும், சுள்ளி பொறுக்கினால் குடும்பம் நொடிக்கும் என்ற அச்சம். அச்சத்தை அகற்றுவதே அறிவின் முதற்பணி என்று கூறிவருவோருக்கு இது சங்கடமான செய்தி. அச்சம் போனால் காடும் போய்விடுமோ? அறிவு வந்து சேருமுன் கோடரி வந்து சேர்ந்துவிடுமோ? இக்கேள்வியை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. எதிர்கொண்டே தீர வேண்டும்.

எதிர்கொள்வோம். அச்சம் காத்தது உண்மை. எதைக் காத்தது? தெய்வம் அமர்ந்த சில ஏக்கரை மட்டும். எல்லைக் கல்லுக்கு இப்பால் இருந்த அதே வீரையை, அதே காயாவை, அதே கையினால் வெட்டி அடுக்கியபோது எந்த அச்சமும் குறுக்கே நிற்கவில்லையே! மரத்தின்மீது மதிப்பு இருந்திருந்தால் எல்லைக்குள் ஒரு நீதி, எல்லைக்கு வெளியே ஒரு நீதி இருந்திருக்குமா? மதிப்பு மரத்துக்கல்ல, தண்டனைக்கு.

இன்னொன்றும் காண்கிறோம். கோயிற்காடுகள் பல இன்று சுருங்குகின்றனவே, அச்சம் தீர்ந்தவர்கள் திரண்டு சென்று வெட்டியதாலா? அல்ல, அல்ல! மரத்தடியில் மண்குதிரையோடு இருந்த சாமிக்கு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், சுவருக்குள் சிமிட்டித் தரை வேண்டும், வெளியே வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பக்தி பெருகப் பெருக மரம் குறைகிறது. சாமிக்கு அஞ்சிக் காட்டை விட்டுவைத்தவர் பேரர், சாமிக்காகவே காட்டை வெட்டுகிறார். அச்சம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அச்சத்துக்கே தெரியாது. அதை நம்பி ஒரு காட்டை ஒப்படைப்பது, காவலுக்குக் குருடனை நிறுத்துவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வெட்டாதே என்று அச்சம் சொல்லும். நடு என்று அது சொன்னதே இல்லை! ஒதுங்கி நிற்கச் செய்ய அதற்குத் தெரியும். குனிந்து குழி தோண்டச் செய்யத் தெரியாது. கோயிற்காட்டின் விதையை எடுத்துச் சென்று அடுத்த ஊர்த் தரிசிலே தூவு என்று எந்தச் சாபமும் கட்டளையிட்டதில்லை. எஞ்சியதைக் காக்க அச்சம் போதுமாக இருந்திருக்கலாம். இழந்ததை மீட்க அது ஒருபோதும் போதாது. மீட்பு அறிவின் வேலை.

*

அறிவு என்றதும் சிலர் ஆதாயம் என்று பொருள் கொள்வர். "மரம் பலன் தருமானால் மக்கள் தாமே வளர்ப்பர், தராவிட்டால் எதற்கு?" என்பர். கடலூர்க் கடற்கரையைச் சுட்டிக் காட்டுவர்: சவுக்குத் தோப்பைப் பாருங்கள், பண்ருட்டி முந்திரியைப் பாருங்கள், பலாவைப் பாருங்கள் என்பர். பார்க்கிறோம், பாராட்டுகிறோம். புகைவண்டிக்கு விறகு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலே பரப்பப்பட்டது சவுக்கு. இன்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது முந்திரி. பண்ருட்டியின் வாழ்வே அதில் அடங்கியிருக்கிறது. அவற்றை வெட்டி எறி என்று நாம் சொல்லவில்லை.

ஆயினும் ஆதாயம் நல்ல காவலனா? 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூரின்மீது பாய்ந்தது. ஒரே நாளில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒற்றைப் பயிரை நம்பிய உழவர் ஒற்றை நாளில் எல்லாம் இழந்தனர். ஆதாயக் கணக்கு எப்போதும் அடுத்த அறுவடை வரை பார்க்கும்; அதற்கப்பால் அதற்குக் கண் தெரியாது. கருங்காலியோ தன் உள்மரம் கறுக்கப் பல தலைமுறை கேட்கும். நட்டவன் காணமாட்டான், அவன் மகனும் காணமாட்டான். ஆதாயம் மட்டுமே ஆட்சி செய்யும் இடத்தில் கருங்காலியை நடுவார் யார்?

"அப்படியானால் அலை தடுக்கும் சுவர் என்று சொல்லுங்கள், அதுவும் ஆதாயந்தானே?" என்பர் இன்னும் சிலர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் தப்பின என்று பெரிதும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே பரங்கிப்பேட்டைக் கரையோரத்து 18 குப்பங்களை ஆராய்ந்து, மரச்செறிவு மிகுந்த இடத்தில் இழப்புக் குறைந்தது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் எழுதினர். வேறு சில அறிஞர் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமுமே பெரும்பாலும் காரணம், மரத்தின் பங்கு அத்தனை தெளிவில்லை என்று 2006-இல் மறுத்தனர். அறிவு இப்படித்தான் நடக்கும். தனக்குப் பிடித்த முடிவையும் உரசிப் பார்க்கும். நாம் கேட்பது இது: நாளை ஒரு கணக்கு, மரம் அலையைத் தடுக்கவே இல்லை என்று காட்டினால், அன்றே காட்டை வெட்டிவிடலாமா? உள்ளம் ஒப்பவில்லை அல்லவா? அப்படியானால் காட்டுக்கு நாம் தரும் மதிப்பு அந்தச் சுவர்க் கணக்கில் அடங்கிவிடவில்லை என்பது விளங்குகிறதன்றோ!

*

இனி, மண்ணின் மரம், அயலான் மரம் என்று ஒரு பேச்சு எழுகிறது. "வெளிநாட்டு மரங்களைத் துரத்து, நம் மண்ணில் பிறந்த மரமே உயர்ந்தது" என்று முழங்குவோர் உண்டு. இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பிறந்த இடத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிப்பதை மனிதரிடையே மறுத்துவிட்டு, மரங்களிடையே மட்டும் ஏற்பதா? மிளகாய் அயலது, முந்திரி அயலது. அவற்றைத் தீண்டமாட்டோம் என்றால் நம் அடுப்பில் பாதி அணைந்துவிடும்!

மரத்தையும் பிறப்பால் அளக்க வேண்டாம், செயலால் அளப்போம். தான் நின்ற இடத்தில் பிறவற்றை வாழ விடுகிறதா, ஒடுக்கி விரட்டுகிறதா என்று கேட்போம். புதுவைக்கு வடக்கே, 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழை அரித்துக் கீறிய செம்மண் மேடு. அங்கே காடு வளர்த்தோர் முதலில் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கினர். பிறகு விரைந்து வளரும் மரங்களை நட்டனர். அவற்றுள் ஆஸ்திரேலிய வேலமரமும் ஒன்று. அந்த அயலான் வெயிலைத் தாங்கினான். இலை உதிர்த்து மண்ணுக்கு உணவிட்டான். அவன் நிழலிலே உலக்கைப்பாலையும் வீரையும் கருங்காலியும் நடப்பட்டுத் தலை தூக்கின. 1973-இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இந்த வகை முயற்சிக்குப் பெயர் பெற்றது. வெட்டவெளியில் நட்டிருந்தால் இந்த மரங்களின் கன்றுகள் கருகியிருக்கும். அயல் மரம் செவிலியாயிற்று. மண்ணின் மரம் பிள்ளையாயிற்று. செவிலியைப் பழிப்பது நன்றியாகுமா? அதே வேளை, சீமைக் கருவேலம் போல ஏரியையும் புறம்போக்கையும் தானே வளைத்துக்கொண்டு பிறவற்றுக்கு இடமில்லை என்று நிற்குமானால், அதைக் களைவதற்கும் தயங்க வேண்டியதில்லை. குற்றம் அதன் பிறப்பு அல்ல, அதன் ஆதிக்கம்!

அருகிய மரத்தை மீட்பது மண்பெருமைக்காக அல்ல என்று இதனால் தெளிவாகிறது. பலரும் வாழ்ந்த இடத்திலே ஒரு சிலரே எஞ்சியிருக்கிறார்கள்; வெளியேற்றப்பட்டோருக்கு மீண்டும் இடம் தர வேண்டும். அதற்காகவே.

*

வெளியேற்றியது யார்? இந்தக் கேள்விக்குப் பிச்சாவரம் தரும் விடை, நெஞ்சில் பதிக்கத் தக்கது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கழிகளும் தீவுத் திட்டுகளுமாக, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரந்தது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே வாழ்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய ஒரு கலப்பினச் சுரபுன்னை 1990-களில் அங்கே இனங்காணப்பட்டது. இந்தக் காட்டின் நடுவே பெரும் பரப்பு மரமற்ற உவர்த்தரையாய்க் கிடந்தது. காரணம் என்ன என்றதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை: சுற்றியுள்ள ஊரார் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அவர்களே காட்டின் பகைவர்! கையிலே அரிவாளும் தலையிலே சுமையும் உள்ளவன்மீது பழி போடுவது எப்போதும் எளிதல்லவா?

சென்னையில் 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சி தொட்டு 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முற்றாக வெட்டும் ஏற்பாடு இருந்தது. ஏட்டிலே திட்டமிட்டு, அதிகாரத்தோடு செய்யப்பட்ட வெட்டு அது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு இறுகித் தாழ்ந்தது. தாழ்ந்த தரை தொட்டியாயிற்று. ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பிலே, உப்புக்கே பிறந்த கண்டலும் பிழைக்கவில்லை. மாடு மேய்த்தவன் குற்றவாளி அல்ல. மேசையருகே அமர்ந்து வெட்டு முறை வகுத்தவர் செயலே மூலம். எத்தனை ஆண்டு, எத்தனை ஏழைகள், செய்யாத குற்றத்தைச் சுமந்தனர்!

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. கழியிலிருந்து பெருவாய்க்கால் வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள் போலக் கிளைவாய்க்கால்கள் பிரித்து, கடல்நீர் ஏறவும் இறங்கவும் வழி செய்தனர். உப்பு கழுவிச் சென்றது. அதன்பின் வாய்க்கால் ஓரச் சரிவுகளில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நட்டனர். ஊர் தோறும் மன்றம் அமைத்து, பழி சுமந்த அதே மக்களையே காவலராகவும் கூட்டாளிகளாகவும் ஆக்கினர். காடு விரிந்ததை 2000-ஆம் ஆண்டை ஒட்டிய செயற்கைக்கோள் படங்களே காட்டின. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏறியது.

இதிலிருந்து இரண்டு பாடம் கற்கிறோம். ஒன்று: நடுவதற்கு முன் தடையை நீக்கு. மத்திய அமெரிக்காவில் கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் குவானகாஸ்டே பகுதியிலும் இதே பாடம். மேய்ச்சலுக்கென ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த புல் மூடிக் கிடந்த நிலத்தில், ஆண்டுதோறும் மூளும் தீயைத் தடுத்ததுமே, 1980-கள் தொட்டு உலர்காடு பெரும்பாலும் தானே திரும்பத் தொடங்கியது. காற்றும் பறவையும் விலங்கும் விதை கொண்டு வந்தன. ஒடுக்கப்பட்டோரை உயர்த்துவதாகச் சொல்லிக்கொள்வோர் முதலில் அவர்கள்மீதுள்ள காலை எடுக்க வேண்டும் என்பது காட்டுக்கும் பொருந்துகிறது!

இரண்டு: பசுமை வேறு, காடு வேறு. பிச்சாவரத்தில் இன்று பெரும்பகுதி வெண்கண்டலே. அது உப்பைத் தாங்கும் வீரன், ஆகவே வென்றது. ஆற்று நன்னீரை நம்பி வாழும் மென்மையான இனங்கள் அருகின. அவற்றை மீண்டும் நட வேண்டும் என்றால் கன்று போதாது; நன்னீர் வேண்டும். நன்னீர் எங்கே? 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. கீழணை நீரை வீராணத்துக்குத் திருப்புகிறது. வீராணம் வயலுக்குப் பாய்வதோடு 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் செல்கிறது. வயலும் தாகமும் பெரிய உரிமைகள், மறுப்பாரில்லை. ஆனால் கடலை அடையும் ஒவ்வொரு துளியையும் "வீண்" என்று எழுதும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? கழிமுகத்தில் இறால் பெருகுவது அந்த வீணால். கண்டல் தழைப்பது அந்த வீணால். கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பத்து உலையில் அரிசி விழுவது அந்த வீணால்! நாம் பயன்படுத்தாதது எல்லாம் வீண் என்பது அரசர் காலத்து ஆணவம். மரத்தை மீட்பது என்றால், நட்டுப் படம் எடுத்துக்கொள்வதல்ல. நம் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. கடமை கடினமாவது இங்கேதான்.

*

இப்போது எதிர்ப்புக் குரல்கள் இரண்டுக்கு விடை தருவோம்.

"மனிதன் பட்டினி கிடக்கையில் மரத்துக்கு இரக்கமா?" என்பது முதற்குரல். நியாயமான சினம், மதிக்கிறோம். ஆயினும் இதே மண்ணின் வரலாறு இதற்கு விடை தருகிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமச்சாலை திறந்து பசித்தோருக்குச் சோறிட்டார். பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாகக் கொண்டவரும் அவரே. சோறிட்ட கையும் பயிருக்கு நொந்த நெஞ்சும் ஒரே மனிதருடையவை. இரக்கம் பானைநீர் அல்ல, ஒருவருக்கு வார்த்தால் மற்றவருக்குக் குறைய, அது ஊற்று. மேலும், காடு அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பவர் எவர்? மாளிகையாரா? விறகுக்கும் தேனுக்கும் மீனுக்கும் மூலிகைக்கும் காட்டை நம்பிய ஏழைகளே அல்லவா?

ஆனால் இக்குரலில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதைப் பொன்போல் போற்றுவோம். காட்டை மீட்கிறோம் என்று சொல்லி ஏழையின் மேய்ச்சல் தரையை வேலியிட்டு, அவன் வழியை அடைத்து, அவனை அந்நியனாக்கினால், அது மரங்களின் பெயரால் நடத்தும் ஜமீன்தாரி! உழைப்பவனுக்குக் கூலி, காப்பவனுக்குப் பங்கு, வாழ்பவனுக்கு உரிமை என்ற மூன்றும் இல்லாத காட்டு மீட்பு நீதியாகாது, நிலைக்கவும் நிலைக்காது.

"பழமையை மீட்பது பிற்போக்கு அல்லவா? போனது போகட்டும் என்பதுதானே சீர்திருத்தம்?" என்பது இரண்டாவது குரல். பழமை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கின்றன. அவிழ்த்து எறிந்த விலங்கை மீண்டும் பூட்டிக்கொள்வது ஒன்று. வெட்டுண்ட விரலுக்கு மருந்திட்டு ஆற்றுவது மற்றொன்று. இரண்டும் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதுதான், இரண்டும் ஒன்றாகுமா? பழையதா புதியதா என்று கேட்பது சீர்திருத்தமல்ல. எவரை விடுவிக்கிறது, எவரைக் கட்டுகிறது என்று கேட்பதே சீர்திருத்தம். திரும்பி வரும் தில்லை எவரையும் கட்டவில்லை. உண்மையில், 500 ஆண்டுக்கு முன்பிருந்த காட்டை அச்சு அசலாக எவரும் மீட்க முடியாது. மண் மாறிவிட்டது, மழை மாறிவருகிறது, கடல் ஏறிவருகிறது. நாம் ஆக்குவது பழைய காடு அல்ல. பழைய மரங்களும் வாழ இடமுள்ள புதிய காடு.

*

யாருக்குப் பட்ட கடன் என்று தொடக்கத்தில் கேட்டோம். மரத்துக்கு ஆன்மா உண்டா, உரிமை உண்டா என்ற வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும் என்றால் பருவம் தவறிவிடும். அந்த வழக்கு நடக்கட்டும். தீர்ந்த வழக்கு ஒன்று உண்டு: பிறக்கப்போகும் பிள்ளைகளின் வழக்கு. நமக்கு முன்னோர் பெயரும் தந்தனர், மரத்தின் எச்சமும் தந்தனர். நாம் பெயரை மட்டும் தந்துவிட்டு, "தில்லை என்றால் என்ன?" என்று அவர்கள் கேட்கையில் ஏட்டுப் படத்தைக் காட்டுவோமானால், அவர்கள் கேட்காமலே அவர்கள் சொத்தை விற்றவர்கள் ஆவோம். வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அழிந்த இனத்தைப் பற்றி எந்தத் தலைமுறையும் முடிவெடுக்க முடியாது. வாழும் மரத்தை வேண்டாமென்று வெட்டலாம். அற்றுப்போன மரத்தை வேண்டுமென்று வளர்க்க முடியுமா? திருத்த முடியாத தவற்றைச் செய்யாதிருப்பது, பிறக்காதவருக்கு நாம் காட்டக்கூடிய முதல் மரியாதை.

கடனைத் தீர்க்கும் வழி என்ன? தனிமரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. தில்லையைப் பொறுத்தவரை அது வெறும் உவமையல்ல, தாவர நூல் கூறும் உண்மை! தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, வீரையிலும் அப்படியே. அழகுக்கு ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டு, வேலியிட்டு, பெயர்ப்பலகை மாட்டினால் அது மரத்துக்கு மணிமண்டபமே தவிர மறுவாழ்வு ஆகாது. பல தாய்மரங்களிலிருந்து விதை திரட்ட வேண்டும். ஒரே தாயின் பிள்ளைகளால் ஆன காடு ஒரே நோய்க்குப் பலியாகும். பல காட்டு விதைகள் நெல்லைப்போல் குதிரில் காத்திருப்பவை அல்ல. பழுத்த பருவத்திலேயே எடுத்து முளைக்க வைக்க வேண்டும். கன்றை நாற்றங்காலில் வளர்த்து, இளங்காட்டு நிழலிலே இடம் பார்த்து நட வேண்டும். பறவையும் வௌவாலும் மரநாயும் பழம் தின்று விதை பரப்ப வரும் நாள் வரை காக்க வேண்டும். வாய்க்கால் வெட்டியது போதாது. தூர்ந்த வாய்க்காலை ஆண்டுதோறும் வார வேண்டும். முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலைப் புகழ்கிறோம். அது ஒரு நாள் செயல். இன்று வேண்டுவது தேர் கொடுக்கும் வள்ளல் அல்ல. நாள்தோறும் குடம் சுமக்கும் ஊர்.

கோயிற்காட்டுக்குச் செல்வோரிடம் சினம் வேண்டாம், ஏளனமும் வேண்டாம். வீட்டைத் தாங்கும் பழைய தூணை உருவுமுன் புதிய தூணை நாட்டுவதே அறிவுடைமை. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்டின் மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவோம். விதை திரட்டும் பணியை ஊராட்சி ஏற்கட்டும். நாற்றங்கால் நடத்தும் வேலையும் வருவாயும் ஊர்ப் பெண்களுக்குச் சேரட்டும். சாமிக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காத கிழவனும், காரணம் அறிந்து கிளை ஒடிக்காத பேத்தியும் ஒரே மரத்தடியில் நிற்கட்டும். இருவரில் எவர் அடுத்த ஊர்த் தரிசிலே ஒரு கன்றை நடுவார்? பேத்திதான். ஏன் காக்க வேண்டும் என்று அறிந்தவருக்கே, எங்கே இல்லை என்று தேடத் தோன்றும்.

அச்சம் சில ஏக்கரைக் காத்துத் தந்தது. நன்றி கூறி விடை கொடுப்போம். இனி, தடை எது என்று ஆராயவும், பழியை உரிய இடத்தில் வைக்கவும், நீரைப் பகிரவும், தன் காலத்தில் காணாத நிழலுக்காக இன்று குழி தோண்டவும் அறிவுக்கு மனமுண்டா என்பதே கேள்வி. மனமுண்டானால் காடு உண்டு. மனமில்லையேல், அச்சத்தை விரட்டினோம் என்று மார்தட்ட நமக்கு உரிமை இல்லை.